குலதெய்வக் கோயிலுக்குக் காரில் கிளம்பும் முன்: போன், பவர் பேங்க், பாஸ்டேக் எல்லாவற்றையும் தயார் செய்யும் முறை

எங்கள் குலதெய்வக் கோயில் கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. நாங்கள் இருப்பது தாம்பரம். ஒரு வழிக்கே 500 கிலோமீட்டருக்கு மேல். மூன்று வருடத்துக்கு முன் மகனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதற்காக இரண்டு கார்களில் 11 பேர் போனோம். வழியில் ஒரு டோல்கேட்டில் பாஸ்டேக் வேலை செய்யாமல் இரட்டிப்புக் கட்டணம் கட்டினோம். திருச்சி தாண்டியதும் வழி காட்டிக்கொண்டிருந்த போன் அணைந்துவிட்டது. மறுநாள் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்தும் நேரத்தில், படம் எடுத்துக்கொண்டிருந்த போனில் இடமில்லை. இரண்டாவது காதுக்கு வீடியோவே இல்லை. திரும்ப வராத நேரம் அது, இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

இந்த வருடம் மகளுக்குக் காது குத்தப் போனபோது பதினைந்து நாள் முன்பே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எதுவும் தவறவில்லை. புதிதாக வாங்கியவை நான்கைந்துதான், மற்றதெல்லாம் வீட்டில் ஏற்கெனவே இருந்தவை. முதல் முறையாகக் குடும்பத்தோடு நீண்ட தூரம் காரில் போகிறவர்களுக்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். விலையெல்லாம் நான் வாங்கியபோது கடையில் கேட்டது. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

1. பதினைந்து நாள் முன்பு: பாஸ்டேக்

இதைத்தான் எல்லோரும் கடைசி நாளுக்கு விடுகிறார்கள். காசு போட்டால் போதும் என்று நினைத்துத்தான் நாங்களும் மாட்டினோம். எங்கள் கணக்கில் 1,400 ரூபாய் இருந்தது. ஆனால் கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சான்று) விவரம் புதுப்பிக்காததால் வங்கி டேக்கை முடக்கிவைத்திருந்தது. அதற்கான குறுஞ்செய்தி, டேக் வாங்கும்போது கொடுத்த பழைய எண்ணுக்குப் போயிருக்கிறது. அந்த சிம் எங்களிடம் இல்லவே இல்லை.

அதனால் முதலில் இவற்றைப் பாருங்கள்: டேக் கொடுத்த வங்கியின் செயலியில் உங்கள் டேக் செயல்பாட்டில் இருக்கிறதா, கே.ஒய்.சி. முடிந்திருக்கிறதா, இப்போது கையில் இருக்கும் எண் பதிவாகியிருக்கிறதா, வண்டியின் முழுப் பதிவு எண் இருக்கிறதா. புது வண்டி வாங்கியபோது சேசிஸ் எண்ணை வைத்து டேக் கொடுத்திருப்பார்கள். பதிவு எண் வந்தபின் அதை மாற்றாமலே பலர் ஓட்டுகிறார்கள். இவற்றில் ஏதாவது ஒன்றைச் சரிசெய்ய வேண்டியிருந்தால் வங்கிக்கு நாலைந்து வேலை நாள் ஆகலாம். பதினைந்து நாள் என்று சொல்வது இதற்காகத்தான்.

டேக்கைக் கண்ணாடியில் ஒட்டியே வையுங்கள். டேஷ்போர்டில் போட்டுவிட்டு டோல்கேட் வந்ததும் கையில் தூக்கிக் காட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கையில் வைத்துக் காட்டும் டேக்குகளை முடக்கப்போவதாக நெடுஞ்சாலை ஆணையம் 2025இல் அறிவித்திருக்கிறது. 2025 நவம்பர் 15 அன்று வந்த விதிப்படி, செல்லுபடியாகும் டேக் இல்லாமல் வந்தால் ரொக்கமாகக் கட்டுகிறவர்களுக்கு இரண்டு மடங்கு, யு.பி.ஐ.யில் கட்டுகிறவர்களுக்கு ஒன்றேகால் மடங்கு. அப்படி மாட்டிக்கொண்டால் பர்ஸை எடுக்காதீர்கள், போனை எடுங்கள்.

அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு ஆண்டு பாஸ் நல்லது. 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்குத் தொடங்கினார்கள். ஒரு வருடம் அல்லது 200 தடவை டோல்கேட் தாண்டுவது, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று எங்கள் வழியில் மதுரை தாண்டும் வரை எண்ணிக்கொண்டே போகலாம். போய்வர ஏறக்குறைய இருபது தடவை கழியும். வருடத்தில் மூன்று முறை ஊருக்குப் போகிறவர்களுக்குப் போட்ட காசு திரும்பிவிடும். ராஜ்மார்க்யாத்ரா செயலியில் வாங்கலாம், இப்போதைய தொகையையும் அங்கேயே பாருங்கள். ஆனால் இந்தப் பாஸ் சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான், அதுவும் தேசிய நெடுஞ்சாலைகளில்தான். மாநில நெடுஞ்சாலையில் வழக்கம்போல் டேக்கில் இருக்கும் பணம் கழியும். பாஸ் இருக்கிறதே என்று டேக்கைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.

2. பத்து நாள் முன்பு: காகிதங்கள்

ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று), ஓட்டுநர் உரிமம், இன்சூரன்ஸ், புகைச் சான்று. இந்த நான்கும் அரசின் டிஜிலாக்கர் செயலியிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருந்தால் அசலுக்குச் சமம். போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருப்பது அதற்கு ஈடாகாது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. கார் அப்பா பெயரில் இருந்தால் உங்கள் டிஜிலாக்கர் கணக்கில் அந்த ஆர்.சி. வராது, பெயர் பொருந்த வேண்டும். அப்பாவுக்கே ஒரு கணக்குத் திறந்து, அவருடைய போனில் எடுத்துவையுங்கள். ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அந்த எண் எது என்று அப்பாவிடம் கேட்டுக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு இரண்டு நாள் ஆனது.

ஓட்டுகிறவர் இரண்டு பேர் என்றால் இருவர் உரிமத்தின் தேதியையும் பாருங்கள். இன்சூரன்ஸ், புகைச் சான்று முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆகப் போனில் இறக்கியும் வையுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் செயலி திறக்காது. லாட்ஜில் தங்குவதாக இருந்தால் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கேட்பார்கள். மண்டபம், பந்தல், சமையல் ஆள் இவர்களுக்குக் கொடுத்த முன்பண ரசீதுகளையும் இதே கோப்புறையில் போடுங்கள். ஊரில் போய், முன்பணம் எவ்வளவு கொடுத்தோம் என்று வாதாடும் நிலை வரக் கூடாது.

3. ஒரு வாரம் முன்பு: சார்ஜ்

அன்று போன் ஏன் அணைந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பழைய கார்களில் பாட்டுப் பெட்டியோடு வரும் யு.எஸ்.பி. துளை பெரும்பாலும் அரை ஆம்பியர்தான் கொடுக்கும், அதாவது இரண்டரை வாட். திரையை எரியவிட்டு ஜி.பி.எஸ்.ஸில் வழி காட்டும் போன் அதைவிட அதிகம் குடிக்கும். வயர் மாட்டியிருக்கிறது, மின்னல் குறியும் தெரிகிறது, ஆனாலும் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதற்கு மருந்து, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 30 வாட்டுக்கு மேற்பட்ட கார் சார்ஜர். இரண்டு வாய் உள்ளது 600 முதல் 1,000 ரூபாய். கூடவே தடிமனான நல்ல வயர் ஒன்று. மெல்லிய வயரைப் போட்டால் எந்தச் சார்ஜரும் மெதுவாகத்தான் ஏற்றும். வாங்கியதும் காரில் செருகி, மேப்பை ஓடவிட்டு, அரை மணி நேரம் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள். சதவீதம் ஏறினால் சரி.

அடுத்தது பவர் பேங்க். 10,000 எம்.ஏ.எச். என்று அட்டையில் போட்டிருந்தால் 5,000 எம்.ஏ.எச். போனை இரண்டு முறை ஏற்றலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மின்னழுத்தத்தை மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். ஒன்றேகால் அல்லது ஒன்றரை முறைதான் வரும். 11 பேர் கூட்டத்துக்கு 20,000 எம்.ஏ.எச். ஒன்று வேண்டும், 1,500 முதல் 2,000 ரூபாய். பின்பக்கம் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தெருவோரத்தில் 400 ரூபாய்க்குக் கிடைக்கும் 20,000 பவர் பேங்க்கைக் குழந்தைகள் உட்காரும் காரில் வைக்கவே வேண்டாம். நல்ல பவர் பேங்க்கையும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

கோயிலில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிளக். அதிலும் மைக் செட்காரர் முதலில் வந்துவிட்டார். நாலு துளை உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை டிக்கியில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் ஆயிற்று. வீட்டில் இருப்பதையே எடுத்துப்போங்கள்.

4. நான்கு நாள் முன்பு: வழி

கூகுள் மேப்ஸில் உங்கள் வழி முழுவதையும் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் சிக்னல் இருக்கும். கோயிலுக்குப் பிரியும் மண் சாலையில்தான் இருக்காது. அதனால் கோயில் இருக்கும் தாலுகாவை மறக்காமல் இறக்குங்கள். இறக்கிய மேப்பில் வழி தெரியும், ஆனால் நெரிசல் தெரியாது. எங்கள் கோயில் மேப்பிலேயே இல்லை. ஊரில் இருக்கும் சித்தப்பாவிடம் கோயில் வாசலில் நின்றபடி இருப்பிடத்தை அனுப்பச் சொல்லி, அதைச் சேமித்துக்கொண்டோம். பந்தல்காரருக்கும் ஐயருக்கும் அதையே அனுப்பியதால் வழி கேட்டு யாரும் கூப்பிடவில்லை.

போனை முன்கண்ணாடியில் ஒட்டாதீர்கள். சித்திரை வெயிலில் நேரடியாகச் சூடேறி, பதினொரு மணிக்கெல்லாம் திரை மங்கி, சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். ஏ.சி. காற்று வரும் துவாரத்தில் மாட்டும் தாங்கி 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் போன் குளிர்ந்தே இருக்கும். வண்டி ஓட்டுகிறவர் போனைக் கையில் எடுக்கக் கூடாது. வழியை மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவர் செய்யட்டும்.

இரண்டு கார் என்றால் வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தைப் பகிருங்கள். அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான் ஓடும். தாம்பரத்தில் போட்டது மதுரைப் பக்கம் நின்றுவிடும், சாப்பிட இறங்கும்போது மறுபடி போடுங்கள். அதை மட்டும் நம்பாமல், எந்த ஊரில் டிபன், எங்கே மதியச் சாப்பாடு என்று முதல் நாளே பேசிவிடுங்கள். முதல் பயணத்தில் ஒரு கார் விழுப்புரத்தில் காத்திருக்க, இன்னொன்று உளுந்தூர்பேட்டை போய்விட்டது.

வழியில் வண்டி நின்றால் தேசிய நெடுஞ்சாலையில் 1033, ஆம்புலன்ஸுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112. இவற்றைப் பெரியவர்கள் போனிலும் பெயர் போட்டுச் சேமித்துக் கொடுங்கள்.

5. சக்கரத்துக்குக் காற்று

12 வோல்ட் துளையில் செருகிக் காற்றடிக்கும் சின்னக் கருவி 2,000 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. வாங்கிய பொருட்களிலேயே நான் மிகவும் மதிப்பது இதைத்தான். டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால் காற்று மெதுவாகத்தான் இறங்கும். காற்றை ஏற்றி, அடுத்த பஞ்சர் கடை வரை மெல்ல ஓட்டிப் போய்விடலாம். இரவு நேரத்தில், கைக்குழந்தையோடு, ரோட்டோரம் ஸ்டெப்னி மாட்ட வேண்டியதில்லை.

எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். ஆள் நிறைய ஏறும்போது வைக்க வேண்டிய அளவு அதில் தனியாகப் போட்டிருப்பார்கள், பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடாகாதபோது அளந்துகொள்ளுங்கள். கருவியின் வயர் பின்சக்கரம் வரை எட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். என்ஜினை ஓடவிட்டுப் பயன்படுத்துங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர்கள். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று அன்றே பார்த்துவிடுங்கள்.

டேஷ்கேம், அதாவது காருக்குள்ளிருந்து சாலையைப் பதிவு செய்யும் கேமரா பற்றிச் சிலர் கேட்டார்கள். ஒரு பயணத்துக்காக மட்டும் வாங்க வேண்டாம் என்பது என் எண்ணம். தினமும் கார் ஓட்டுகிறவர் என்றால் வாங்குங்கள். பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் உள்ளதாகப் பாருங்கள், நம் ஊர் வெயிலுக்கு அதுதான் தாங்கும்.

6. பெரியவர்களும் குழந்தைகளும்

சர்க்கரை பார்க்கும் கருவி, ரத்த அழுத்தக் கருவி இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். விசேஷ வீட்டில் சாப்பாட்டு நேரம் மாறும், தூக்கம் கெடும், இனிப்பு கூடும். கிளம்பும் முன் இரண்டிலும் புது பேட்டரி போட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஸ்ட்ரிப் டப்பாவைச் சூட்டில் வைத்தால் அளவு தப்பாகக் காட்டும். காரை வெயிலில் நிறுத்திவிட்டுப் போகும்போது அதையும் இன்சுலினையும் கையோடு எடுத்துப்போக வேண்டும். இன்சுலினை ஐஸ் கட்டியோடு நேரடியாக வைக்காதீர்கள், உறைந்துபோனால் அதைப் பயன்படுத்தக் கூடாது. தண்ணீரில் நனைத்தால் தானே குளிரும் துணிப் பைகள் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. என் மாமியாருக்கு அதுதான் கைகொடுத்தது. மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் வையுங்கள்.

குழந்தைகளுக்கு டேப்லெட் கொடுத்தால் அமைதியாக இருப்பார்கள் என்று நாங்களும் நம்பினோம். ஓடும் காரில் குனிந்து திரையைப் பார்த்தால் பல குழந்தைகளுக்குக் குமட்டும். இந்த முறை பாட்டும் கதையும் இறக்கி, காரின் ஸ்பீக்கரில் போட்டோம். ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

7. விசேஷ நாள்: படமும் வீடியோவும்

முந்தின இரவே, படம் எடுக்கப்போகும் போனில் 20 ஜி.பி. காலி இடம் வையுங்கள். 1080பி தரத்தில் ஒரு நிமிட வீடியோ ஏறக்குறைய 100 எம்.பி. பிடிக்கும், 4கே என்றால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. காது குத்துக்கு 1080பி தாராளம்.

வீடியோ எடுக்க ஒருவரை மட்டும் நியமியுங்கள். நாலு பேர் போனைத் தூக்கினால் பிள்ளை பயந்துவிடும், ஆசாரிக்கும் கை ஓடாது. அந்தப் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். அந்த நேரத்தில்தான் வாழை இலை எத்தனை என்று சமையல்காரர் கூப்பிடுவார். ஆசாரி ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே பதிவைத் தொடங்கிவிடுங்கள். காது குத்துவது கண் மூடித் திறக்கும் நேரம்தான். வெளிச்சம் பிள்ளையின் முகத்தில் விழட்டும், வாசலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தால் முகம் இருண்டுவிடும். 700 ரூபாய்க்கு ஒரு சின்ன டிரைபாட் வாங்கினால், குடும்பம் முழுவதும் நிற்கும் படத்தில் எடுக்கிறவரும் இருக்கலாம்.

கருவறையைப் படம் எடுக்கும் முன் பூசாரியிடம் கேளுங்கள். எங்கள் கோயிலில் அனுமதி இல்லை.

8. அன்று மாலை: ஆச்சியின் குரல்

இதற்குச் செலவே கிடையாது. ஆனால் இந்தப் பயணத்தில் கிடைத்தவற்றில் இதற்கு ஈடு எதுவுமில்லை.

பொங்கல் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில், எங்கள் ஆச்சி தன் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய படங்களை எடுத்துத் திண்ணையில் பரப்பினார். நான் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவருக்கு ஒரு முழம் தள்ளி வைத்தேன். குரல் பதிவைத் தொடங்கிவிட்டுப் படங்களை ஒவ்வொன்றாக நீட்டினேன். ஓரம் செல்லரித்த ஒரு படத்தில் விரலை வைத்து, "இந்தா ஓரத்துல நிக்கா பாரு, இவதான் உங்க தாத்தாவுக்கு மூத்தவ. பேரு சொல்ல ஆளில்லாமப் போச்சு" என்றார். அந்தப் பெயர் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

செய்யும் முறை இதுதான்: மின்விசிறிக்கு நேர்கீழே உட்காராதீர்கள், குரலை அந்தச் சத்தம் மூடிவிடும். "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். கையில் ஒரு படத்தைக் கொடுத்து "இது யாரு ஆச்சி?" என்று கேட்டால் தானாகப் பேசுவார்கள். படத்துக்கு எண் சொல்லிக்கொண்டே போங்கள், "மூணாவது படம்" என்று. பிறகு குரலையும் படத்தையும் சேர்க்க அது உதவும். ஒரு மணி நேரக் குரல் பதிவு சாதாரணத் தரத்தில் 60 எம்.பி.க்குள் அடங்கும். பதிவு செய்வதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர் போதும் என்றால் நிறுத்திவிடுங்கள்.

பழைய படங்களை, ஜன்னலோர வெளிச்சத்தில் தரையில் வைத்து, பிளாஷ் போடாமல், நேர்மேலிருந்து எடுங்கள். சட்டத்தில் கண்ணாடி இருந்தால் சாய்ந்த வெளிச்சத்தில் வைத்தால் பளபளப்பு வராது. ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்க வேண்டாம், அப்படியே எடுங்கள்.

9. கிளம்பும் முன்: படங்களைச் சேர்ப்பது

வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன் என்று சொன்ன படங்கள் வந்துசேர்வதில்லை. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். போன தடவை ஆல்பம் போடக் கொடுத்தபோது, பாதிப் படங்கள் பெரிய பக்கத்துக்கு ஆகாது என்று ஸ்டூடியோக்காரர் திருப்பிக் கொடுத்தார். 12-க்கு 18 அங்குலத் தாளில் தெளிவாக விழ, 3600-க்கு 2400 புள்ளிகளாவது இருந்தால் நல்லது.

எளிய வழி, ஒருபுறம் டைப்-சி முனை உள்ள 128 ஜி.பி. பென்டிரைவ். 1,000 ரூபாய் சுமார். போனில் நேராகச் செருகி ஏற்றிக்கொள்ளலாம், நெட் வேண்டாம். புது பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொண்டு போங்கள். ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை வீடியோ ஏறாது. ஆண்ட்ராய்டு போன்களுக்குள் குவிக் ஷேர், ஐபோன்களுக்குள் ஏர்டிராப். இரண்டும் நெட் இல்லாமலே வேலை செய்யும். வாட்ஸ்அப்தான் வேண்டும் என்றால் டாக்குமெண்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காது. ஐபோன் வைத்திருப்பவர்கள் கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று மாற்றிக்கொண்டால், சில ஸ்டூடியோக்களில் படம் திறக்காத தொல்லை இருக்காது.

10. திரும்பிய வாரம்

பென்டிரைவில் இருப்பதை அந்த வாரமே கணினியிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இன்னொரு பிரதி எடுங்கள். கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜி.பி.தான், அதிலும் மின்னஞ்சல் பாதி பிடித்திருக்கும். அதனால் வீடியோவை அங்கே ஏற்றாமல், தேர்ந்த படங்களையும் ஆச்சியின் குரலையும் மட்டும் ஏற்றுங்கள். குரல் பதிவுக்கு நாளும் பெயரும் போட்டுச் சேமியுங்கள், "பதிவு 014" என்று கிடந்தால் அடுத்த வருடம் யாருக்கும் தெரியாது.

போனில் படம் பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பத்துப் படங்களாவது அச்சிட்டுத் தபாலில் அனுப்புங்கள். பின்பக்கம் யார் யார் என்று மெத்தென்ற பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவில் அழுத்தி எழுதினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும்.